பேராலயத்திலிருந்து நேரே வெரிபீக்கு

கால் குளிர்ந்தது... அதுதான் முதல் ஞாபகம். சப்பாத்தையும் தடித்த காலுறையையும் தாண்டி அந்தக் கல் தரையின் குளிர் ஏறியது. கூடவே மெழுகுதிரி மணம்.

என் தம்பியின் மகனுக்குக் கலியாணம் என்று நானும் இவரும் இங்கிலாந்துக்குப் போயிருந்தோம். கடைசி நாள். பின்னேரம் விமானம். "இவ்வளவு தூரம் வந்து இதைப் பாக்காமல் போறதோ அக்கா?" என்று தம்பி அந்தப் பழைய பேராலயத்தில் இறக்கிவிட்டான்.

என் மனமோ மெல்பேர்ணில், மகள் இருக்கிற வெரிபீயில் நின்றது. அங்கே அவளுக்கு டொக்டர் சொன்ன திகதிக்கு முதலே பிள்ளை பிறந்துவிட்டது. முதல் பேத்தி. போனில்தான் முகம் பார்த்திருந்தேன்.

ஆனாலும் உள்ளே போனதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவ்வளவு உயரம்! அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோக, கீழே பார்த்தேன். தரைக் கல்லில் தேய்ந்துபோன எழுத்துகள்.

"இஞ்சாருங்கோ, இதிலை ஆற்றையோ பேர் கிடக்கு."

இவர் குனிந்து பார்த்தார். அடுத்த கணம் துள்ளிப் பின்னுக்குப் போனார். போன இடத்திலும் ஒரு பெயர்.

"ஐயோ, நாங்கள் சவக்காலையிலை எல்லோ நிக்கிறம்!"

வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டு கிட்ட வந்தார். ஏன் இப்படி நடக்கிற வழியில் புதைத்தார்கள் என்று கேட்டேன். செத்தவர்களே முன்கூட்டி விரும்பிக் கேட்ட இடமாம். மேலால் நடக்கிறவர்கள் தங்களுக்காகவும் ஒரு சொல் வேண்டிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையாம். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற எனக்கு அது கேட்டறியாத பெரிய புதினம்... மிதிபடவும் ஆசைப்படுவார்களா? இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். இவர் விடவில்லை.

"வாரும், வாரும். இனி வீட்டை போய் முழுகிப்போட்டுத்தான் பிள்ளையைத் தூக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெல்பேர்ண் விமான நிலையத்திலிருந்து வெரிபீ கிட்ட. எங்கள் வீடு இருக்கிற நோபல் பார்க்கோ நகரத்தின் மற்றப் பக்கம். போய், முழுகி, திரும்பி வர அரைநாள் போய்விடும். வெள்ளிக்கிழமையிலும் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுகிற மனுசன், இதில் மட்டும் இப்படி! வழி முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

மெல்பேர்ணில் இறங்கியதும் டாக்சிக்காரர் எங்கே என்று கேட்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வெரிபீ" என்றார் இவர்.

மகள் கதவைத் திறந்ததும் இவர் பிள்ளையின் பக்கமே திரும்பாமல் நேரே குளியலறைக்குள் ஓடினார். நான் கையை மட்டும் கழுவிக்கொண்டு பேத்தியை வாங்கினேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம்...

"அவசரப்படாதேங்கோ, ஆறுதலா முழுகுங்கோ!" என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். விடுமுறைக்கு எங்களோடுதான் நிற்பாள். எங்கள் வயதுக்காரரின் செத்தவீடுகளும் கூடிவிட்டன. ஸ்பிரிங்வேல் மயானத்தில் யாரையாவது வழியனுப்பிவிட்டு வந்தால், பாய்ந்து வருகிறவளைக் கைகாட்டி மறித்துவிட்டு இவர் குளிக்கப் போவார். அவள் கதவோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

"அம்மப்பா, ஆர் யூ டன்?"

"ஓம் குஞ்சு, வாறன்."

அன்றைக்கு இந்த முழுக்கை நினைத்து எவ்வளவு எரிச்சல்பட்டேன்... இப்போது உள்ளேயிருந்து இவரின் அந்தக் குரல் வந்தால் போதும் என்றிருக்கிறது.