கொம்பு முன்னாலே, சத்தம் பின்னாலே

போன மாதம் எங்கள் வீட்டில் பெரிய வழக்கு. மகள் பூமணிக்கு எந்தச் சோதினை வைப்பது?

பூமணி மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் எதற்கும் பதில் சொல்வாள். புத்தகத்தை விரித்தால்... ஊமை! "இந்த வருஷச் சோதினையிலையும் வாசிக்காமல் விட்டால் அரிவரிக்குத்தான் அனுப்புவன்" என்றுவிட்டார் தலைமை வாத்தியார்.

அரிவரியில் இருப்பவை 'அ, ஆ' படிக்கும் குஞ்சுகள். "அங்கை போய் இருக்கமாட்டன். எனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம்!" என்று பிள்ளை அழுதது.

கண்ணைச் சோதிப்போம் என்றேன். சுன்னாகத்தில் ரயிலேறிப் பட்டணத்துக் கண் டொக்டரிடம் போனோம். அவர் சுவரிலிருந்த எழுத்துகளைக் காட்டி, வாசி என்றார். வாசிக்க முடியாத பிள்ளைக்கு இப்படியும் ஒரு சோதினையா? மூக்குக்கண்ணாடி என்று தீர்ப்பாயிற்று.

மனைவிக்குக் கோபம். "உவளுக்கோ கண் தெரியாது? ஒழுங்கை முடக்கிலை, அவ்வளவு தூரத்திலை ஆர் வருகினம் எண்டு எனக்கு முதல் சொல்லுறவள் உவள்தானே!"

அப்படியானால் மூளையைச் சோதிப்பதா? சீமையில் கட்டை அடுக்கச் சொல்லிப் பார்க்கிறார்களாம். எனக்குப் பயம் — 'மக்கு' என்று முத்திரை குத்திவிட்டால்?

இந்த நேரத்தில்தான் வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு வந்தார். சிலேட்டில் 'பெட்டி' என்று எழுதினார். பூமணி விழித்தாள்.

"எந்த இடத்திலை பிள்ளை தடக்குது?"

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை!

"கொம்பு முன்னுக்கு நிக்குது ரீச்சர். அதின்ரை சத்தம் பின்னுக்கு வருது. நான் எதை முதல் சொல்லுறது?"

நியாயமான கேள்வி. 'ப'வுக்கு முன்னால் கொம்பு போடுகிறோம்; வாய் 'ப்' என்றுதானே தொடங்குகிறது?

"ஐயா, கண்ணிலையும் பிழையில்லை, மூளையிலையும் பிழையில்லை. எழுத்துத்தான் தடக்குது. கொம்பில்லாத சொல்லிலை தொடங்குவம்" என்றார் ரீச்சர். தினமும் பள்ளி விட்டபின் பூமணியோடு இருந்தார். தலைமை வாத்தியாரோடும் கதைத்தார். வருஷச் சோதினையன்று கேள்விகளை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். பூமணி வாயால் பதில் சொன்னாள்.

இந்தத் திங்கட்கிழமை அவள் நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அந்த ரீச்சரை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

அவருக்கு என்ன எழுதுவதென்று நேற்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் 'நன்றி' என்று மட்டும் எழுதினேன். எட்டிப் பார்த்த பூமணி தடக்காமல் வாசித்தாள் — அதில் கொம்பு இல்லையே!