கினிகத்தேனை மண்டபத்தில் ஒரு மழை நாள்

ஹட்டனுக்கு அப்பால், டயகமவில் என் தோழி வீடு கட்டிக் குடிபோயிருந்தாள். எனக்கு லீவு கிடைத்தது ஜூனில்தான். மழைக்காலத்தில் மலைநாட்டுக்குப் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

காலை ஏழு மணிக்குக் கொழும்பு புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். ஹட்டனுக்கு வழக்கமாக ஐந்து மணித்தியாலம் போதும். கித்துல்கலையைத் தாண்டியதும் மழை கண்ணாடியை மறைத்தது. கினிகத்தேனை டவுனில் பஸ் நின்றுவிட்டது. மேலே மண் சரிந்து பாதை மூடியிருந்தது. ஹட்டனுக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

கிராம உத்தியோகத்தர் குடையோடு பஸ்ஸுக்கே வந்தார். சிங்களப் பெண்மணி. தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்: "ஊர் மண்டபம் திறந்திருக்கு. சாப்பாடு இருக்கு. எல்லாரும் வாங்க."

உள்ளே பாய்கள், பால் விடாத சுடச்சுடப் பிளேன்டீ. சரிவுக்குக் கீழிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடும்பங்களும், பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். "வீடு உள்ளவங்களுக்குப் போன் பண்ணலாம். இவங்களக் கூப்பிட நான்தான் போகணும்," என்றார் உத்தியோகத்தர்.

ஒருவர் மட்டும் வரவில்லை. டவுன் கோடியில், பூட்டிக் கிடந்த கடையின் முன்தாழ்வாரத்தில் படுக்கும் ராசம்மா. உத்தியோகத்தர் இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் பலனில்லை. தமிழ் பேசும் பெண் ஒருத்தி வந்தால் நல்லது என்றார். த்ரீவீலர் ஓட்டும் சந்திரனோடு நான் போனேன்.

கடைக்குப் பின்னால் உயரமான மண்மேடு. அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மூட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார் ராசம்மா. அறுபது வயது இருக்கும்.

"அக்கா, வாங்க. மேடு இறங்கிரும் போல இருக்கு," என்றார் சந்திரன்.

"வரமாட்டேன். முந்தியும் இப்படித்தான் கூப்பிட்டாங்க. டவுனச் சுத்தம் பண்றோம்னு லொறில ஏத்தி, தெரியாத ஊர்ல எறக்கி விட்டுட்டாங்க. நடந்தே வந்து சேந்தேன்."

"நானும் இண்டைக்கு அங்கதான் படுக்கப் போறன்," என்றேன்.

"நீங்களா? ஒங்களுக்கு வீடு இல்லையா?"

"இருக்கு. போறதுக்குத்தான் வழியில்லை."

"பேச்சப் பாத்தா யாழ்ப்பாணமா?"

"வவுனியா."

மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "கதவப் பூட்டிருவாங்களா?"

"பூட்டினா நானும் உள்ளுக்குத்தானே இருப்பன்."

மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பொழுது சாயும் நேரம், சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கல் லொறியைக் கவிழ்த்தது போல ஒரு சத்தம். பார்க்க ஓடிய சந்திரன் முழுக்க நனைந்து திரும்பினார். மேடு இறங்கி, கடைத் தாழ்வாரம் இருந்த இடமே தெரியவில்லையாம். உத்தியோகத்தர் எங்கள் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அங்க வேற யாரும் இருந்தாங்களா?" ராசம்மா கேட்டார்.

"யாரும் இல்லக்கா."

"அப்ப சாப்புடுங்க, ஆறுதுல்ல," என்று என் தட்டைக் காட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் மதியம் பாதை திறந்தது. நான் பையை எடுத்ததும் ராசம்மா என் கையைப் பிடித்தார். "நீங்க போனதும் லொறி வராதே?"

உத்தியோகத்தருக்கு அது காதில் விழுந்தது. "வராது. மழை விடுறவரைக்கும் இங்க இருங்க. அதுக்குள்ள ஒரு இடம் பாக்கிறேன்."

நம்பலாமா என்ற கேள்வியோடுதான் டயகம போனேன். திரும்பும்போது கினிகத்தேனையில் இறங்கினேன். மழை விட்டிருக்கவில்லை, மண்டபமும் திறந்தே இருந்தது. பருப்பில் தண்ணீர் கூடிவிட்டதென்று ராசம்மா சமையலுக்கு உதவிய சந்திரனைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மழை மாதங்களில் இந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். மாற்றுடுப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பஸ் கட்டணம் அடிக்கடி மாறும், ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பாதை மூடினால் மண்டபம் எங்கே திறந்திருக்கிறது என்று விசாரியுங்கள். பாய் விரிக்கும் முன், வெளியே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் கூட்டிவரப் போகிறவரோடு நீங்களும் போங்கள். அதிகாரி கூப்பிட்டு வராத ஒருவர், அதே தரையில் படுக்கப்போகிறவர் கூப்பிட்டால் வரக்கூடும்.