வெந்நீர் டிப்ளமா

"அழறதுன்னா மேல வந்து அழு. உள்ள வாயத் திறந்தா தண்ணிதான் வரும்" என்று சொல்லிக்கொண்டே நீச்சல் மாஸ்டர் யோக்கும், ஒரு சிறுமியைச் சட்டை, கால்சட்டை, காலணியோடு நீச்சல் குளத்துக்குள் தள்ளிவிடுகிறார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவளைப் பெற்றவர்கள் கைதட்டுகிறார்கள். நெதர்லாந்தின் பிரீஸ்லாந்தில் வாய்க்காலில் விழாத பிள்ளை கிடையாது. விழும்போது யாரும் நீச்சல் உடையில் விழுவதும் இல்லை. அதனால் உடுப்போடு நீந்திக் காட்டினால்தான் இங்கே டிப்ளமா.

யோக்குமுக்கு அறுபது வயதாகிறது. கழுத்தில் ஒரு விசில் தொங்கும், ஊதிப் பார்த்தவர் இல்லை. கன்னத்தில் எந்நேரமும் உப்பு மிட்டாய் ஒன்று ஊறிக்கொண்டிருக்கும். கையில் நீளமான மூங்கில் கம்பு. தவிக்கிற பிள்ளைக்கு அதை நீட்டுவார். பிடிக்க வரும்போது ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொள்வார். "இன்னும் கொஞ்சம் வா, மூட்டை. சாக மாட்ட." ஊரில் பாதிப் பேர் இந்தக் கம்பைத் திட்டியே நீந்தக் கற்றவர்கள். பாராட்டு என்ற சொல்லே அவர் வாயில் வராது. "முங்கலையில்ல? அப்புறம் என்ன?" என்பார்.

அவருடைய கசப்பெல்லாம் குளத்துத் தண்ணீர் மேல்தான். "இது தண்ணியா? சூப்பு" என்பார். குழந்தைகளுக்குக் குளிரக் கூடாது என்று நிர்வாகம் அதை வெதுவெதுப்பாகவே வைத்திருக்கிறது. ஒரே ஒரு நாளாவது பிள்ளைகளை வாய்க்காலில் இறக்கிக் காட்டலாம் என்று வசந்தம்தோறும் பெற்றோரிடம் கேட்பார். "சளி பிடிச்சுக்கும், மாஸ்டர்" என்று வசந்தம்தோறும் ஒரே பதில் வரும்.

இந்த ஊர் வீடுகளின் தோட்டம் வாய்க்காலில் போய் முடியும். பிள்ளை தவழத் தொடங்கியதும் கரையோரம் வேலி போடுவார்கள். டிப்ளமா வாங்கிய அன்று, விருந்தாளிகள் பார்க்க, அப்பன் அந்த வேலியைப் பிடுங்குவான். அதற்கும் ஒரு கைதட்டு உண்டு. இரண்டு தெரு தள்ளி யெல்தே என்ற பையன் இருந்தான். படிப்படியாகக் கொடுக்கும் மூன்று டிப்ளமாவும் வாங்கியவன், மூன்றிலும் யோக்குமின் கையெழுத்து. போன மார்ச்சில் பந்தெடுக்கப் போய் வாய்க்காலில் விழுந்தான். பெரியவர்களுக்கு மார்பளவுத் தண்ணீர், ஆனால் ஐஸாய்க் குளிர்ந்தது. கரை கையெட்டும் தூரம். "மீன் மாதிரி நீந்துவானே, மாஸ்டர்" என்று அடக்கத்தன்று அவன் அப்பா இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்த அப்பாவிடம் யார் சொல்வது? அன்றிலிருந்து டிப்ளமா கொடுக்கும்போது, "இது வெந்நீர்ல நீந்தினதுக்கு" என்று சொல்லித்தான் கொடுக்கிறார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள்.

இந்த ஏப்ரலில் யோக்குமின் பக்கத்து வீட்டு நின்கே டிப்ளமா வாங்கினாள். ஆறு வயது. தோட்டத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். யோக்கும் முறைப்படி எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு உட்கார்ந்தார். நின்கேயின் அப்பா சீப்ரன் எழுந்துபோய் முதல் வேலிக்கட்டையைப் பிடுங்கினான்.

"விட்டு வை, சீப்ரன். வெயில் காலம் வரைக்குமாவது இருக்கட்டும்."

"நீங்கதானே மாஸ்டர் பாஸ் போட்டீங்க? உங்க கையெழுத்த நீங்களே நம்பலன்னா எப்படி?"

வட்டம் முழுவதும் சிரித்தது. யோக்கும் தட்டைக் கீழே வைத்தார். குழந்தையின் மணல் வாளியை எடுத்து வாய்க்காலில் முக்கி, நேரே வந்து சீப்ரனின் பிடரியில் கவிழ்த்தார்.

சீப்ரனுக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, ஹக் ஹக்கென்று மூச்சை உள்ளே இழுத்தபடி நின்றான்.

"இந்த மூச்சுதான்டா. நீ வெளிய நின்னு இழுக்கற. யெல்தே உள்ள கிடந்து இழுத்தான்."

சீப்ரனுக்குக் குரல் திரும்பியது. "யோவ், பைத்தியமாய்யா நீ? பிள்ள பொறந்த வீட்டுக்கு வந்து எழவு பாடற மாதிரி... நல்ல நாளும் அதுவுமா! கிளம்பு, முதல்ல வெளிய போ!"

அவர் போனார். சாயங்காலத்துக்குள் மிச்சக் கட்டைகளும் பிடுங்கப்பட்டு விறகோடு அடுக்கப்பட்டன.

இந்த ஊரில் வயதானவர்கள் தெருப்பக்க ஜன்னலில்தான் நாற்காலி போடுவார்கள். போவோர் வருவோரைப் பார்க்கலாம், வெயிலும் விழும். யோக்கும் தம்முடையதைத் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுவந்துவிட்டார். நின்கே பள்ளிவிட்டு வந்து விளையாடும் நேரமெல்லாம் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, மிட்டாயைச் சப்பிக்கொண்டு, ஈர வாடைக்காற்றில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை. சீப்ரன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. நேற்று நின்கே உதைத்த பந்து கரையை நோக்கி உருண்டது. அவளும் பின்னாலேயே ஓடினாள். பந்து புல்லில் சிக்கி நின்றது, எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் யோக்கும் கரைக்கே வந்திருந்தார். குளத்திலிருந்து கொண்டுவந்திருந்த கம்பை அவள் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தார், இந்த முறை பின்னால் இழுக்காமல்.