அக்காவுக்காக இறக்கிய சுருதி

எங்கள் சபைக்கு எலக்ட்ரிக் கிட்டார் எடுக்கப் போனபோது என்னோடு கடைக்கு வந்தவர், பாட்டு நடத்தும் அக்கா. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றபடி, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பழகிய கைதான். ஆனால் ஆராதனைக்கு எந்தக் கிட்டார் சரி என்று பாடுகிறவர்தான் சொல்ல வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக வந்துவிட்டார்.

என் கண் முழுக்க ஒரு சிவப்புக் கிட்டாரில் இருந்தது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் சிறு கம்பி பொருத்தியது. அந்தக் கம்பியை அமர்த்தினால் சுரம் அலை மாதிரி ஆடும். அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப வாசி. நான் உன்ரை மூஞ்சியைப் பாக்க மாட்டன். பாத்தா, பாவம் எண்டு ஓம் சொல்லிப்போடுவன்."

வாசித்தேன். கொஞ்சம் கேட்டார்.

"நல்லாத்தான் கத்துது. நான் எங்கை பாடுறது?"

நாலாவதாக எடுத்தது ஒரு மண்ணிறக் கிட்டார். உடம்பின் பாதி உள்ளே வெறுமையாக இருக்கும் வகை, பிரிட்ஜ் அசையாது. அம்ப்பின் சத்தத்தைக் குறைத்து வைத்து, ஜி கோர்டின் சுரக்கூட்டை மெதுவாகத் தட்டினேன். அக்கா கண்ணைத் திறக்காமலே பாடத் தொடங்கினார். ஒரு சரணம் முழுக்கப் பாடினார். கடைக்கார சிங்கள ஐயா எழும்பிப் போய் ரேடியோவை நிறுத்தினார்.

"இதை எடு. இதுக்குப் பக்கத்திலை ஆள் நிக்கலாம்," என்றார் அக்கா.

எனக்கு மனிதர்கள் சொல்வதைச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் கிட்டாருக்குப் பக்கத்தில் ஐந்து வருடமாக நிற்கிறவர் அவர்தான்.

எங்கள் சபை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தையற்கடைக்கு மேல்மாடியில் கூடுகிறது. ரயில் போகும்போது ஜெபம் கொஞ்சம் சத்தமாகும், வேறு குறையில்லை. கீபோர்ட் வாசிப்பவன் கிராண்ட்பாஸிலிருந்து வரும் என் நண்பன், வங்கியில் வேலை. அக்கா காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் சாறி விரித்துக் காட்டுபவர். கல்யாணம் கட்டவில்லை, தெஹிவளையில் தங்கையின் குடும்பத்தோடு இருக்கிறார். "ஆறு நாளும் ஆரின்ரையோ சாறிக்காகத்தான் கதைக்கிறன். ஞாயிற்றுக்கிழமைதான் என்ரை வாய் எனக்குச் சொந்தம்," என்பார்.

அவருக்குச் சங்கீதம் எழுத்தில் தெரியாது. என் இடது கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். விரல்கள் எந்த வடிவத்தில் நின்றால் எந்த கோர்ட் என்று அவருக்கு அத்துப்படி. நான் ஒரு விரலை மாற்றி வைத்தால் பாட்டை நிறுத்தாமலே புருவத்தை உயர்த்துவார். ஜியில் பாட்டைத் தொடங்கும் முன் என் கையை ஒருமுறை பார்ப்பார். பிறகுதான் மூச்சை எடுப்பார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் அக்காவின் கழுத்தில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. தைரொய்ட். கட்டியை எடுத்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் மேல் சுரங்கள் திரும்பி வருமா என்று டொக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தார். கழுத்தில் ஸ்கார்ஃப். வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்திச் சொன்னார்:

"ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. பாட்டு ஜி எண்டா ஜிதான். எனக்காகச் சுருதியை ஒரு சொட்டும் இறக்கக் கூடாது. வருத்தக்காரிக்குக் கஞ்சி காய்ச்சிற மாதிரி சனம் என்னைப் பாக்க வேண்டாம். இறக்கினா நான் அண்டைக்கே மைக்கை வைச்சிடுவன்."

பாடினார். மூன்றாவது வரி மேலே ஏறும் பாட்டு அது. ஏறும் இடத்தில் குரல் காற்றாகப் போனது. மறுபடி. மறுபடியும் காற்று. "தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று வெளியே போனவர் வர நேரமெடுத்தது.

"மச்சான், அக்கா இதோட பாட்ட விட்ருவாங்க," என்றான் நண்பன்.

அவன் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒருமுறை அமர்த்தினால் வாசிப்பவன் அதே கட்டைகளைத்தான் தொடுவான்; வெளியே வரும் சுருதி மட்டும் ஒரு படி இறங்கும். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். கிட்டாரில் அப்படிப் பொத்தான் இல்லை. ஆனால் ஆறு தந்தியையும் ஒரு படி தளர்த்தி வைத்துவிட்டால், கை ஜி வடிவத்திலேயே நிற்கும். சத்தம் இறங்கி வரும். சிவப்புக் கிட்டாராக இருந்தால் ஒரு தந்தியைத் தளர்த்த மற்ற ஐந்தும் கோபித்துக்கொண்டிருக்கும். அக்கா தெரிந்தெடுத்த கிட்டாரோ திருகிய இடத்தில் அப்படியே நின்றது. அவனும் பொத்தானை அமர்த்தினான்.

அவர் திரும்பி வந்தார். என் கையைப் பார்த்தார். பாடினார். மூன்றாவது வரியில் குரல் கொஞ்சம் தடுக்கியது, ஆனால் ஏறியது. அவர் முகத்தைப் பார்த்த எங்களுக்கு அதன் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு படி போதவில்லை. அடுத்த மாதம் இரண்டு படி. பிறகு மூன்று. அவ்வளவு தளர்ந்த தந்தி கிட்டாரின் கழுத்திலுள்ள ஃப்ரெட் பட்டிகளில் உரசி இரையும். அதற்காகத் தடித்த தந்தி வாங்கிப் போட்டேன். "என்ன, புதுத் தந்தியோ?" என்றார் அக்கா. "ஓமக்கா, இதுல சத்தம் நல்லா வரும்," என்றேன். ஆராதனைக்கு அரைமணி நேரம் முந்திப் போய், யாரும் வரும் முன் தளர்த்தி வைப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது.

ஒரு ஞாயிறு பாஸ்டர், கர்த்தர் தமக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா எழுந்தார். கழுத்தில் ஸ்கார்ஃப் இல்லை, தழும்பு தெரிந்தது. டொக்டர் உறுதி சொல்லாத குரலைக் கர்த்தர் கிழமைக்குக் கிழமை திருப்பித் தருகிறார் என்றார். சனம் கை தட்டியது. முன்வரிசையில் ஒரு அன்ரி அழுதார். அக்காவுக்குப் பின்னால், தளர்ந்த தந்திகளோடு நான் நின்றேன்.

இறங்கி வரும்போது படியில் நண்பன் என் காதுக்குள் சொன்னான். "ஆண்டவருக்கு ரெண்டு அசிஸ்டென்ட் கெடச்சிருக்கு மச்சான். சம்பளம்தான் என்னா தருவாரோ." வழக்கமாக அவன் பகிடிக்கு முதலில் சிரிக்கிறவன் நான்தான். அன்றைக்கு அவனும் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. பாட்டு கீழே போகப் போக, சனத்தின் சத்தம் குறைந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள், பெண்கள் கீழ்ச் சுரத்தை எட்ட முடியாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். "இப்பல்லாம் பாட்டு கிணத்துக்குள்ளாற கேக்குற மாதிரி இருக்கு தம்பி," என்று முன்வரிசை அன்ரி என்னிடம் சொன்னார். அக்காவும் அதைக் கவனித்தார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட விதம் வேறு.

"சனம் பாடுதில்லை தம்பி. நான் பழையபடி மனசால பாடேல்லைப் போல. அதுதான் அவைக்கு வந்து சேருதில்லை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்லக்கா, நீங்க நல்லாத்தான் பாடுறீங்க," என்றேன்.

பிறகு கொட்டாஞ்சேனையில் எங்கள் சபைச் சகோதரர் ஒருவரின் தாயார் காலமானார். பிரேதத்தை எடுக்கும் நாள் காலையில், வீட்டில் ஜெபம். சின்ன ஹோல், நடுவில் பெட்டி, சுற்றிவர நெருக்கிக்கொண்டு சனம். நண்பனுக்கு வங்கியில் லீவு கிடைக்கவில்லை. கீபோர்ட் இல்லை, அம்ப் இல்லை. அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய சாதாரணக் கிட்டார் ஒன்றை இறக்கி என் கையில் தந்தார்கள். வாசலில் நின்றே பார்த்தேன்; சுருதி அச்சொட்டாகச் சரியாக இருந்தது. அப்படிச் சரியாக இருந்த ஒரு கிட்டாரைக் கண்டு நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

மகன் அக்காவிடம் வந்து, அம்மாவுக்குப் பிடித்தது என்று அந்தப் பாட்டையே கேட்டார். மூன்றாவது வரி மேலே ஏறும் பாட்டு. அக்கா பெட்டியின் தலைமாட்டில் நின்றார். நான் எதிரில், கால்மாட்டில். தந்திகளைத் தளர்த்த நேரமுமில்லை. அந்த அமைதியில் ஒவ்வொரு திருகும் எல்லாருக்கும் கேட்கும்.

ஆனால் ஒரு வழி இருந்தது. ஈ கோர்டைப் பிடித்துத் தொடங்கியிருக்கலாம். ஞாயிறுகளில் நாங்கள் உண்மையில் பாடிக்கொண்டிருந்த, ஜிக்கு மூன்று படி கீழான சுருதி அதுதான். அக்காவின் குரல் தப்பியிருக்கும். என் கையைப் பார்த்து எல்லாவற்றையும் அவர் விளங்கிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அக்கா வழக்கம்போல என் கையைப் பார்த்தார். நான் ஜியைப் பிடித்தேன்.

முதல் இரண்டு வரியிலேயே அவர் நெற்றி சுருங்கியது. மூன்றாவது வரியில் குரல் ஏறப் போய், உடைந்து, ஓர் இருமல் மாதிரி வெளியே வந்தது. ஹோலில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா திரும்பவும் முயன்றார், சத்தமே வரவில்லை. இறந்தவரின் மகன் தானே பாட்டை எடுத்துக்கொண்டார், அழுதுகொண்டே. மிச்சப் பாட்டு முழுக்க அக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பிரேதம் போன பிறகு பஸ் தரிப்பிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். வெயில்.

"போன ஞாயிறு பாடினனான் தானே, தம்பி?"

"ஓமக்கா."

"அதே கை தானே?"

இடது கையைப் பொக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"எத்தினை மாசமா?"

"நீங்க திரும்பி வந்த நாள்ல இருந்தேக்கா. நாந்தான். அவனும் தெரிஞ்சுதான் செஞ்சான், ஆனா மொதல்ல தளர்த்தினது நான்."

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது. ஏறும்போது, "நான் சாட்சி சொன்னனான், தம்பி," என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. நானும் நண்பனும் பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். அவர், "என்கிட்ட சொன்னது சரி. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க," என்றார்.

நான் மட்டும் போனேன். புடவைக்கடையில் கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று. அக்கா சாறி விரித்துக்கொண்டிருந்தார். மத்தியானத்திலேயே குரல் கரகரத்திருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "இவருக்கு ஒரு நல்ல சாறி எடுத்துக் காட்டு. எல்லாத்தையும் மூடுற மாதிரிப் பெரிசா," என்றார். அந்தப் பெண் விளங்காமல் சிரித்தாள். பிறகு அக்கா என்னைக் கடையின் பின்பக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

"மன்னிச்சிருங்கக்கா. நீங்க பாட்ட விட்ருவீங்கன்னு பயந்துதான் செஞ்சேன்."

"அது விளங்குது. ஏமாத்தினது கூட எனக்குப் பெரிசில்லை. ஆனா செத்த வீட்டிலை உனக்குத் தெரியும். நான் விழப்போறன் எண்டு தெரிஞ்சுகொண்டு ஜியைப் பிடிச்சனி. அதை நீ எனக்காகச் செய்யேல்லை."

"எனக்காகத்தான் செஞ்சேன்," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பழைய புருவம் உயர்ந்தது.

"சனம் பாடாதது என்னாலை இல்லைத்தானே?"

"இல்லக்கா. ரொம்பக் கீழ போயிருச்சு, அதான்."

"அதையாவது நீ முந்திச் சொல்லியிருக்கலாம். எத்தினை இரவு அதை நினைச்சு அழுதனான் தெரியுமே?"

வந்த சனிக்கிழமை பயிற்சிக்கு வந்தார். நண்பனைத் தன் கீபோர்டின் பொத்தானைக் காட்டச் சொல்லி, அதில் பூச்சியம் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் தன் முன்னாலேயே தந்திகளை ஏற்றச் சொன்னார். பிறகு ஒவ்வொரு சுருதியாகப் பாடிப் பார்த்தோம். ஜி, முடியவில்லை. ஈ, அவருக்கு முழுப் பாட்டும் வந்தது.

"இது எனக்கு. சனத்துக்கு எது?"

"எஃப்னா எல்லாரும் பாடலாம்க்கா. ஆனா அந்த மூணாவது வரி உங்களுக்கு…"

"எஃப்பே பிடி. எட்டாத இடத்திலை நான் பேசாமல் நிக்கிறன். எல்லாருக்கும் தெரியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு முன் அவர் மைக்கில் சொன்னார்: தன் குரல் திரும்பவில்லை, திரும்பியதென்று சொன்னது தான் அறியாமல் சொன்னது, மேலே போகும் இடத்தில் தன்னால் வர முடியாது. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எஃப் கோர்டைப் பிடித்தேன், ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் அழுத்த. அவர் பார்த்தார், மூச்செடுத்தார், தொடங்கினார்.

மூன்றாவது வரி வந்தது. அவர் மைக்கை இறக்கினார். அந்த வெறுமை பொறுக்காமல் என் கை தானாகவே மேல் ஃப்ரெட்டுக்குப் போனது, அந்த ராகத்தைக் கிட்டாரில் வாசித்து இடத்தை நிரப்ப. அக்கா திரும்பிப் பார்க்காமலே இடது கையை எனக்கு நேரே தூக்கினார். வேண்டாம் என்று.

விரலை எடுத்துவிட்டேன். முன்வரிசை அன்ரியும் பின்னால் இரண்டு மூன்று பேரும் அந்த வரியைப் பாடினார்கள். நன்றாக இருக்கவில்லை, சுருதியும் கொஞ்சம் சாய்ந்தது. நாலாவது வரியில் அக்கா மைக்கை உயர்த்திச் சேர்ந்துகொண்டார்.

இப்போதும் அப்படித்தான். சில கிழமை அந்த வரியில் மாடி அதிரும். சில கிழமை ஒரேயொரு குரல்தான் இருக்கும், மெல்லிசாக. எதுவானாலும் அந்த வரியில் நான் வாசிப்பதில்லை.