நொண்டியை நொண்டி என்றே விற்பவள்

கிடாயின் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, வாங்க வந்தவரின் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டினாள் செல்வமாரி. "நல்லாப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. நாலு பல்லு போட்டிருக்கு, வயசு ரெண்டு ஆவுது. எளங்குட்டின்னு சொல்லி ஏமாத்த மாட்டேன். முன்னங்கால் லேசா நொண்டும். அதையும் கேட்டுக்கிட்டு வெலையச் சொல்லுங்க."

எட்டயபுரம் சந்தையில் இப்படி விற்கிற ஆள் அவள் ஒருத்திதான். "ஏட்டி, நீ ஆடு விக்கியா, கோர்ட்டுல சாட்சி சொல்லுதியா?" என்று மற்ற வியாபாரிகள் சிரிப்பார்கள். அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு அடுத்த ஆட்டின் வாயைத் திறப்பாள்.

ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்துக் கரிசலில் ஒரு காலத்தில் அவளுக்குப் பெரிய மந்தை இருந்தது. புருஷன் பிச்சையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், ஆஸ்பத்திரிச் செலவு அந்த ஆடுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. கடைசி ஆட்டைப் பிடித்துக்கொடுத்த அன்றே பிச்சையாவும் போய்விட்டார். ஒற்றைப் பெட்டைக்குட்டியை வாங்கி, மறுபடியும் ஒரு மந்தையைப் பெருக்கியிருக்கிறாள். இப்போது அவளுக்கே சர்க்கரை. "இந்த மந்தைய எந்த ஆஸ்பத்திரிக்கும் தின்னக் குடுக்க மாட்டேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டு, மருத்துவக் காப்பீடு தேடிப் புறப்பட்டாள்.

முதலில் கேட்ட கம்பெனி, சர்க்கரை என்றதும் கையை விரித்தது. அடுத்த கம்பெனியின் ஏஜெண்டு அவளுக்கு ஒன்றுவிட்ட கொழுந்தன், ஜெயகிருஷ்ணன். ஆட்டுத் தொழுவின் வேலியோரம் உட்கார்ந்து, செல்போனில் விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"மதினி, சுகர் இல்லைன்னு போட்டிருதேன். வருசாவருசம் கட்டுத ரூவாயும் கொறையும், பாலிசியும் சட்டுன்னு வந்திரும்."

"வந்து? தெக்குத்தெரு ராதாமணிக்கும் இப்படித்தான போட்டாவ? அவ படுக்கையில கெடக்கையில, நோய மறைச்சிட்டேன்னு சல்லிக்காசு தரலையே!"

"உண்மையப் போட்டா, சுகரால வார செலவுக்கு ரெண்டு மூணு வருசம் குடுக்க மாட்டாவ மதினி."

"காத்துக் கெடக்கேன். குட்டி ஆடாவுற வரைக்கும் காத்துக் கெடக்கலையா?"

"இவியளும் வேண்டாம்னுட்டா?"

"அடுத்தவனக் கேப்பேன். அவனும் மாட்டேன்னா அதுக்கடுத்தவன். நொண்டி ஆட்டுக்கே ஆள் தேடி வித்தவ, எனக்கு ஒரு கம்பெனி தேட மாட்டனா? இருக்குன்னு போடுதியா, இல்ல பைக்க எடுக்கியா?"

ஜெயகிருஷ்ணன் பெருமூச்சு விட்டு, 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டையை அவன் மடியில் போட்டாள். அதையும் பார்த்துப் பதிந்துகொண்டான்.

"வேற ஏதும் கோளாறு இருக்கா? இப்பமே சொல்லிருங்க மதினி."

செல்வமாரி அவன் எதிரே குந்தினாள். கட்டைவிரலால் தன் கீழுதட்டை இழுத்துப் பிடித்து, வெற்றிலைக் கறை ஏறிய பற்களை அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்.