சுவிட்ச்சில் தொங்கிய அட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குவார்ட்டர்ஸின் டைனிங் டேபிளில் ஒரு நெட்வொர்க் மூன்றாவது முறையாகச் செத்துப்போனது. கொன்றது என் மனைவி.

கலைச்செல்விக்கு மைன்ஸில் எலெக்ட்ரீஷியன் வேலை. நிலக்கரி ஏற்றும் கன்வேயர் மோட்டார்களைப் பழுது பார்ப்பாள். நைட் ஷிப்ட் அலுத்துவிட்டது. கன்ட்ரோல் ரூம் நெட்வொர்க் பிரிவில் ஓர் இடம்... ஜெனரல் ஷிப்ட்! ஆனால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். பேனா பிடித்து எழுதும் தேர்வு அல்ல. உட்கார்ந்து நெட்வொர்க்கைக் கட்டிக் காட்ட வேண்டும். கெட்டதைச் சரிசெய்ய வேண்டும்.

அதனால் டேபிள் முழுக்க செகண்ட் ஹாண்ட் ரவுட்டர்கள். எனக்குச் சாப்பாடு மடியில். அதே தேர்வில் ஏற்கெனவே பாஸான தோழி ரோஸ்லின், ஞாயிறுதோறும் வந்து எதையாவது வேண்டுமென்றே கெடுத்து வைப்பாள். கலை கண்டுபிடிக்க வேண்டும். தோழிக்கு இப்படியும் உதவலாம் போலிருக்கிறது.

சிக்கல் எங்கே? கேபிளைத் தொடுவதற்கு முன் கலை பவரை ஆஃப் செய்துவிடுவாள். சுவிட்ச்சில் ஓர் அட்டையும் தொங்கும் — 'ஆள் வேலை செய்கிறார், போடாதீர்!' மைன்ஸ் பழக்கம். ரவுட்டரோ, சேவ் செய்யாமல் அணைத்தால் அதுவரை அடித்த கமாண்ட் அத்தனையையும் மறந்துவிடும்.

"ஓடிக்கினு இருக்கும்போதே மாத்தலாம்டி! இதுல ஷாக் அடிக்காது!" ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

சும்மா இருப்பேனா? "அந்தப் பழக்கத்த வுட்டுடேன்" என்றேன்.

கலை என்னை முறைத்தாள். "வுட்டுட்டு? திங்கக்கெழம மோட்டார்ல எந்தக் கைய வெக்கிறது?"

'அதை விட்டுடு' என்று அடுத்தவருக்குச் சொல்வது எவ்வளவு சுலபம்! அது அவரை எதிலிருந்து காப்பாற்றுகிறது என்று நாம் கேட்பதே இல்லை.

வழியைக் கலையே கண்டுபிடித்தாள். அட்டையின் தலைப்பில் மார்க்கரால் பெரிதாக எழுதினாள்: 'சேவ் பண்ணியாச்சா?' இனி முதலில் சேவ். அப்புறம் ஆஃப், அட்டை, கேபிள்.

"டைம் பத்தாதுடி" என்றாள் ரோஸ்லின்.

"மத்தத வேகமாப் பண்ணிக்கிறேன்."

பண்ணினாள். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு ரவுட்டரைக் கட்டி முடிக்கும் அளவுக்கு.

தேர்வு சென்னையில். வெளியே டீக்கடையில் காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பண்ணி...?" என்று இழுத்தேன்.

"எங்கங்க ஆஃப் பண்றது? மெஷினெல்லாம் வேற ஊர்ல இருக்குதாம். இங்க ஸ்கிரீன் மட்டுந்தான்! கடைசியில ரீஸ்டார்ட் பண்ணித்தான் மார்க் போட்டாங்க. பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாதி போச்சு. நான் ஒவ்வொண்ணா சேவ் பண்ணிக்கினே வந்தேன்ல... எல்லாம் அப்படியே இருந்திச்சு!"

பாஸ்! அடுத்த மாதம் முதல் ஜெனரல் ஷிப்ட். டைனிங் டேபிளும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நிறைவாக இருக்கிறது.

இன்று காலை அதே டேபிளில் கம்ப்யூட்டரை வைத்து இந்தப் பத்தியை அடித்துக்கொண்டிருந்தேன். ஃபேனைக் கழற்ற ஸ்டூலோடு வந்தாள் கலை.

"ஏங்க, சேவ் பண்ணியாச்சா?"

"ம்... ம்..." என்றேன், கணவர்கள் வழக்கமாகச் சொல்வதுபோல.

மெயின் சுவிட்ச்சில் அட்டை தொங்கியது.

நீங்கள் இப்போது படித்து முடித்தது, நான் இரண்டாவது முறை எழுதியது.