பூநாரைகளுக்கு நடுவே எல்லம்மா

கடல் தாண்டி வந்த இந்தப் பத்தாவியா நகரில் விருந்துக்குப் போனால், யாராவது தாம் தங்கிய மாளிகையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் முறை வரும்போது நான் எல்லம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எதையாவது மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் இப்போது எழுதியும் வைக்கிறேன்.

பழவேற்காட்டு ஏரியில், பசியாவரத்துக்கு வடக்கே ஒரு மணல் திட்டில், ஒல்லாந்தர் ஒரு விருந்தினர் மாளிகை கட்டியிருந்தார்கள். பட்டுத்திரை போட்ட கட்டில், சீனத்துப் பீங்கான், ஏரியைப் பார்த்த வராந்தா. கப்பலில் வரும் பெரிய மனிதர்கள் பூநாரை பார்க்க அங்கே தங்குவார்கள். நான் அங்கே துபாசி; இரு தரப்புப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்பவன்.

எல்லம்மா கையால் இறால் பிடிப்பவள். வலை கிடையாது, படகு கிடையாது. முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பனையோலைப் பறியில் போடுவாள். பறி அவள் பல்லிடுக்கில் தொங்கும். அப்போது பேச முடியாது. கரையேறினாலோ, அவள் வாய்க்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது.

ஒரு மார்கழியில் பூநாரைகள் மாளிகைப் பக்கம் தங்கவில்லை. எல்லம்மாவைப் போலத் தவழ்ந்து இறால் பிடிக்கும் பெண்கள்தான் கலைக்கிறார்கள் என்று மாளிகை அதிகாரி முடிவு கட்டினார். திட்டைச் சுற்றிக் கம்பு நட்டு, உள்ளே இறங்கினால் கசையடி என்று தண்டோரா போட்டார். வெளியே எல்லாம் ஆழம். கம்புக்குள் இருந்த சேறுதான் நாற்பது வீட்டுச் சோறு.

அப்போதுதான் ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து மார்கரெட் வந்து இறங்கினாள். பழவேற்காட்டுக் கோட்டைத் தலைவரின் தங்கை. யானையையும் சிங்கத்தையும் கிட்டத்தில் பார்த்தவள். இங்கே மூன்று நாள் வெள்ளைப் பாய் கட்டிய படகில் போனாள். மூன்று நாளும் பறவைகள் தூரத்திலேயே எழும்பிப் போய்விட்டன. நான்காம் நாள் அவள் படகேற வந்தபோது, எல்லம்மா படகுத்துறையில் நின்று சிரித்தாள்.

“இன்னா துபாசி, அம்மா இன்னிக்கும் வானத்தத்தான் பாக்கப் போவுதா?”

“சும்மா இரு எல்லம்மா. அதிகாரி நிக்கிறார்.”

“நிக்கிறதுதான் தப்புனு சொல்லு. நெட்டுக்குத்தா நிக்கிற உருவத்தக் கண்டாத்தான் அதுங்களுக்குப் பயம். எங்கள மாரி தவழ்ந்தா பக்கத்துலயே இரை துன்னும். நான் காட்டறேன். காட்டிட்டா கம்பப் புடுங்கணும்.”

“காட்டலேன்னா?”

“நாப்பது வூடும் ஏரிய வுட்டுப் பூடறோம்.”

அத்தனையையும் மார்கரெட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அதிகாரி உறுமினார். மார்கரெட் தொப்பியைக் கழற்றினாள். “பறவை பறக்காமல் நின்றால் கம்பு போகும். என் வார்த்தை” என்றாள்.

எல்லம்மா ஒரு பறியை என்னிடம் நீட்டினாள். “இத்தக் கடிச்சிக்கச் சொல்லு. ஆ, ஊனு கத்தாம வரும்.”

மூவரும் தவழ்ந்தோம். மார்கரெட்டின் பாவாடை பந்தாக உப்பியது. எல்லம்மா அதை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு முன்னே போனாள். முதல் பறவை தலையைத் தூக்கியது. நான் தண்ணீரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டேன். எல்லம்மாவோ வழக்கம்போலச் சேற்றைத் துழாவி ஓர் இறாலைப் பறியில் போட்டாள். பறவை மறுபடி அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் நுழைத்தது. கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றிலும் இளஞ்சிவப்புக் கால்கள்.

கரையில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார். அந்தப் பக்கத்துப் பறவைகள் அத்தனையும் அவரை விட்டு விலகி, எங்களை நோக்கி நடந்து வந்தன.

கரையேறியதும் எல்லம்மா பறியை வாயிலிருந்து எடுத்தாள். “இன்னா எஜமான், கலைக்கிறது யாரு?” இதைக் கொஞ்சம் மரியாதையாக மாற்றித்தான் சொன்னேன்.

மார்கரெட் அவளைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்தாள். “மொதல்ல கம்பு போவட்டும், அப்புறம் குந்தறேன்” என்றாள் எல்லம்மா.

மார்கரெட் கைகாட்ட, அதிகாரியே இறங்கினார். மூன்றாவது கம்பைப் பிடுங்கும்போது சேறு அவரைத் தொடைவரை இழுத்துக்கொண்டது.

“நிக்காதீங்க எஜமான்! தவழுங்க, தவழுங்க!”

தவழ்ந்தார். மிச்சக் கம்புகளையும் தவழ்ந்தபடியேதான் பிடுங்கினார். பிறகு எல்லம்மா ஈரச் சேலையோடு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து, தான் பிடித்த இறாலைப் பீங்கான் தட்டில் தின்றாள். உப்பு போதவில்லை என்றாள்.

மறுநாள் விடிந்தபோது வராந்தாவுக்கு எதிரே நாற்பது தலைகள், அவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான பூநாரைகள். நாற்பத்தோராவது தலை பறியைக் கடித்துக்கொண்டிருந்த மார்கரெட்டுடையது.